துப்பாக்கி வேலை இல்லை ஐயா, கோப்பு வேலை

வணக்கம் ஐயா. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பதாகவும், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் “தீவிரவாதம், சாதிவெறிக் கொலை இதையெல்லாம் விசாரிக்கிற வேலைக்குத்தான் போவேன்” என்று ஒற்றைக்காலில் நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். “பொம்பளப் பிள்ளையைத் துப்பாக்கி தூக்க அனுப்பறதா?” என்றும் கேட்டிருந்தீர்கள்.

சரி, முதலில் அந்தத் துப்பாக்கியை ஓரமாக வைத்துவிடுவோம். இந்தத் துறையில் பாதிக்கு மேல் படிக்கிற வேலை, எழுதுகிற வேலை, சரிபார்க்கிற வேலை.

உங்கள் பக்கத்து வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூனில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. பார்த்தால் தற்கொலை மாதிரி. உண்மையில் அது சாதிவெறிக் கொலை. முந்தைய நாள் அவர் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனது அங்கிருந்த சிசிடிவியில் பதிவாகியிருந்தது. விசாரணையில் முக்கிய சாட்சி பிறழ்ந்தபோது வழக்கைத் தாங்கிய தூண்களில் ஒன்று அந்தப் பதிவு. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு சொன்னார்கள்.

இந்த மாதிரி பதிவைக் கெடாமல் எடுத்து, அசல்தான் என்று நிரூபிக்க ஓர் ஆள் வேண்டும். ஒவ்வொரு டிஜிட்டல் கோப்புக்கும் ஹாஷ் என்று ஓர் எண் உண்டு, கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில், மின்னணு ஆதாரத்தோடு தரவேண்டிய சான்றிதழிலேயே இந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும், நிபுணரும் கையெழுத்திட வேண்டும். உங்கள் மகள் படிக்கும் படிப்புக்கு நேராகத் திறக்கிற கதவு இது. டிகிரி முடித்ததும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியல் எம்.எஸ்சி., இல்லையென்றால் காந்திநகரில் உள்ள தேசிய தடயவியல் பல்கலைக்கழகம். என்னைக் கேட்டால் இதுதான் முதல் தேர்வு.

சீருடைதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தீவிரவாதத்தைக் கண்காணிக்கும் காவல்துறையின் கியூ பிரிவுக்கோ, 2022 கோவை கார் வெடிப்புக்குப் பிறகு அமைத்த பயங்கரவாதத் தடுப்புப் படைக்கோ நேரடியாக மனு போட முடியாது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எஸ்.ஐ. தேர்வு எழுதி உள்ளே போய், பிறகு அங்கே நகர வேண்டும். தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வில் சப்-இன்ஸ்பெக்டர் ஆக, மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு எழுதலாம். மத்திய உளவுத்துறையான ஐ.பி.யின் ஏ.சி.ஐ.ஓ. (உதவி உளவு அதிகாரி) பணிக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், பொதுப் பிரிவுக்கு 27 வயது வரை. அதில் கட்டுரை எழுதும் தாளும் உண்டு. நம் பிள்ளைகள் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

சாதி வன்கொடுமைகளில்தான் அவளுக்கு அக்கறை என்றால் சட்டப் படிப்பையும் யோசிக்கலாம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி விசாரணை அதிகாரி டி.எஸ்.பி.க்குக் குறையக்கூடாது, கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ஏட்டில் இருப்பதை நடக்கவைக்க, பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று மனு எழுதிக்கொடுக்க ஆள் போதாது. மதுரை எவிடென்ஸ் போன்ற அமைப்புகள் செய்வது இதைத்தான். சம்பளம் குறைவு, மறைக்க மாட்டேன்.

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். குண்டைவிட எனக்குக் கவலை வேறு. நாள் முழுக்க வெட்டுக்குத்து வீடியோவும் வெறுப்புப் பேச்சும் பார்க்கிற வேலை தூக்கத்தைக் கெடுக்கும். சமூக ஊடக நிறுவனங்களுக்காக அப்படிப் பதிவுகளை வடிகட்டப் போன என் மாணவன் ஒருவன் எட்டாவது மாதம் விட்டுவிட்டு வந்தான். இதை அவளிடம் இப்போதே சொல்லுங்கள்.

அப்புறம் இரண்டு விஷயம். ‘பயங்கரவாதத் தடுப்பு டிப்ளமோ, உறுதியான அரசு வேலை’ என்று ஒன்றரை லட்சம் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. அந்தச் சான்றிதழை நம்பி எந்தத் தேர்வு வாரியமும் வேலை தராது, பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இன்னொன்று, அரசு வேலைக்குப் பின்னணி விசாரணை உண்டு. சாதிச் சங்க வாட்ஸ்அப் குழுவில் வருவதை அவள் பேரில் ‘ஃபார்வர்ட்’ செய்ய வேண்டாம். நீங்களும்தான் ஐயா.

அடுத்த மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்குள் நாமக்கல் கோர்ட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு குற்ற வழக்கு விசாரணையைப் பார்க்கட்டும். பொதுவாகத் திறந்த நீதிமன்றம்தான், யாரும் போகலாம். பார்த்ததைத் தமிழில் இரண்டு பக்கம், கதை கட்டாமல், யார் என்ன சொன்னார்கள் என்று மட்டும் எழுதிக் கொண்டுவரட்டும். அதைப் படித்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.