முட்டு மாற்றிய பிறகு மடங்க மறுக்கும் கால்: கேள்வி பதில்

நாகர்கோவிலில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் விறைப்பு, தழும்பு பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தேன். எழுதியவர்களின் பெயரை நீக்கி, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். எந்த மருத்துவமனை, எந்த டாக்டர் நல்லவர் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை.

மார்த்தாண்டம்: அக்கா, அம்மைக்கு வலது முட்டு மாற்றி மூன்று வாரம் ஆகிறது. 70 டிகிரிதான் மடங்குகிறது. வலி தாங்காமல் முட்டுக்கு அடியில் தலையணை வைத்துத்தான் தூங்குகிறார். உள்ளே தழும்பு ஒட்டிவிட்டதா?

முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். பாதி மடங்கிய நிலையில் மூட்டுக்குள் அழுத்தம் குறைவு, அதனால் வலி குறைகிறது. அம்மை அதைத் தேடுவது இயல்புதான். ஆனால் இரவு முழுவதும் அப்படிக் கிடந்தால் முட்டின் பின்பக்கத் திசுக்கள் சுருங்கிவிடும், கால் முழுதாக நிமிராது. எல்லோரும் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நிமிர்வதை யாரும் அளப்பதில்லை. கால் நிமிராவிட்டால் ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை ஓய்வின்றி உழைக்க வேண்டும். நடை நொண்டும், கொஞ்ச நாளில் இடுப்பும் வலிக்கும்.

தலையணைக்குப் பதில் ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டுக்கு அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது. அப்படியே ஐந்து, பத்து நிமிடம் கால் தன் எடையால் நிமிரட்டும். தொடையை இறுக்கி முட்டின் பின்புறத்தைக் கட்டிலை நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். ஒரு நாளில் பல முறை செய்ய வேண்டும்.

இனி 70 டிகிரி. மூன்றாவது வாரத்துக்கு இது குறைவுதான், ஆனால் கைவிட்டுப் போகவில்லை. இந்தக் கட்டத்தில் முட்டை மடங்க விடாமல் பிடிப்பது பெரும்பாலும் வீக்கமும் பயமும்தான், கெட்டிப்பட்ட தழும்பு அல்ல. வெட்டுப்பட்ட எந்த இடத்திலும் உடல் நார்த்திசுவைப் போட்டு ஒட்ட வைக்கும். முட்டுக்குள், முன்பக்கம் இருக்கும் வட்டமான சிரட்டை எலும்புக்கு மேலே ஒரு பை போன்ற இடம் இருக்கிறது. மடக்கும்போது அது விரிந்து கொடுக்க வேண்டும். அங்கே ரத்தமும் நீரும் தேங்கி, காலும் அசையாமல் கிடந்தால் அதன் இரு சுவர்களும் ஒட்டத் தொடங்கும். சிலருக்கு உடல் இந்த நாரை அளவுக்கு மீறிப் போட்டுவிடுகிறது. அதற்குத்தான் ஆர்த்ரோபைப்ரோசிஸ் என்று பெயர்.

ஆகவே வீக்கத்தை இறக்குங்கள். துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைத்து. உயர்த்தும்போது குதிகாலிலிருந்து கெண்டை வரை தாங்கு இருக்கட்டும், முட்டு நிமிர்ந்தே இருக்கட்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை, அவர் சொன்ன அளவிலேயே, பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டிலில் படுத்துக் குதிகாலைப் புட்டத்தை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். இழுவிசை தெரியும் இடத்தில் நிறுத்தி, சில மூச்சு விட்டு, இன்னும் சிறிது இழுக்க வேண்டும். சமதரையில் நடக்க 65–70 டிகிரி போதும். படியேற 85 அளவுக்கு வேண்டும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ 90க்கு மேல் வேண்டும். அம்மை ஆறாவது வாரத்தில் 90ஐத் தாண்டாவிட்டால் அறுவை செய்த டாக்டரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

குலசேகரம்: நான் ரப்பர் பால்வெட்டு வேலை பார்ப்பவன். வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போகிறேன், அது போதாதா? வீட்டிலும் செய்யச் சொல்லி உயிரை எடுக்கிறார்கள். மறுபடியும் வேலைக்குப் போக முடியுமா?

போதாது அண்ணாச்சி. உங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது. ஆசிட் சேர்த்த பால் டிஷ்ஷில் உறையும் வரை எந்த உருவத்துக்கும் வரும். ஷீட்டாகிக் காய்ந்த பின் இழுத்தால் நீண்டுவிட்டு மீண்டும் பழைய அளவுக்கே சுருங்கும். தழும்பும் முதல் சில வாரங்களில்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். சிகிச்சை நிலையத்தில் ஒரு மணி நேரம் மடக்கிவிட்டு, மீதி நேரம் முழுவதும் கட்டிலில் கிடந்தால் கிடைத்த டிகிரி மறுநாள் காலையில் இருக்காது. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒரு முறை, ஐந்து நிமிடம் போதும்.

வேலைக்குத் திரும்புவது பற்றி: அறுவைக்கு முன் உங்கள் முட்டு எவ்வளவு மடங்கியதோ, அதை ஒட்டித்தான் பின்னாலும் மடங்கும். 110 முதல் 120 வரை கிடைத்தால் நல்ல பலன். மலைச்சரிவில், வெளிச்சம் வரும் முன்னே, ஈரத்தரையில் மரத்துக்கு மரம் ஏறி இறங்குவதற்கு டிகிரி மட்டும் போதாது, தொடையின் பலமும் வேண்டும். அதை உங்கள் டாக்டர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். தாழ்வாக வெட்டும் மரங்களுக்காகக் குத்தவைப்பதை மட்டும் இனி விட்டுவிடுங்கள்.

தக்கலை: தழும்பின் மேல் எண்ணெய் தேய்த்தால் உள்ளே இருக்கும் ஒட்டல் கரையுமா?

கரையாது. தோலின் தழும்பு வேறு, மூட்டுக்குள் இருக்கும் தழும்பு வேறு. ஆனால் தோல் அடியில் உள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டால் மடக்கும்போது சுருக்கென்று இழுக்கும். அதைத் தளர்த்தத் தேய்ப்பு உதவும்.

தையலோ கிளிப்போ எடுத்து, பொருக்கு முழுவதும் உதிர்ந்து, எங்கும் கசிவு இல்லை என்ற பிறகே தொடங்க வேண்டும். பலருக்கு அது மூன்று, நான்கு வாரம் ஆகும். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். சிறிதளவு தேங்காய் எண்ணெய் போதும். இரண்டு விரலைத் தழும்பின் மேல் வைத்து, தோலின் மேல் விரல் வழுக்காமல் தோலையே நகர்த்த வேண்டும். மேல் கீழாக, பக்கவாட்டில், சிறு வட்டமாக. எந்த இடத்தில் தோல் நகர மறுக்கிறதோ அந்த இடத்தில் கூடுதல் நேரம் செலவிடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலை நீட்டி, தொடையைத் தளர்த்திவிட்டு, முட்டுச் சிரட்டையை இரு கட்டைவிரலாலும் இடம் வலமாக, மேல் கீழாக மெல்லத் தள்ளிப் பாருங்கள். அது நகர வேண்டும். சிரட்டை நகராத முட்டு மடங்காது. உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

கருங்கல்: முட்டுக்குக் கீழே சின்னத் தலையணை வைக்கலாமா?

சின்னதும் வேண்டாம். மார்த்தாண்டத்துக்கான பதிலைப் படியுங்கள்.

அருமனை: சகோதரி, நான் வர்ம ஆசான் ஒருவரிடம் பயின்றவன். காயத்திருமேனி எண்ணெய் இட்டுத் தடவி, முறையாக மடக்கினால் எத்தனையோ விறைத்த முட்டுகள் இளகியிருக்கின்றன. நீங்கள் எண்ணெயைத் தோலோடு நிறுத்துவது நம் மண்ணின் வைத்தியத்தை மதிக்காதது போல் இருக்கிறது.

அண்ணன், மதிப்பில் குறைவில்லை. நம் மாவட்டத்தில் எலும்பு முறிந்தால் ஆசானிடம் போனவர்களின் பிள்ளைகள்தான் நாமெல்லாம். நான் சொல்வது இந்த ஒரு முட்டைப் பற்றி. அதற்குள் இப்போது இருப்பது கோபால்ட்-குரோமியம், டைட்டேனியம் போன்ற உலோகமும், நடுவில் பாலிஎத்திலீன் தகடும். பெரும்பாலும் எலும்புச் சிமெண்டால் பொருத்தியிருப்பார்கள். பழைய ஆசான்கள் கைப்பழக்கத்தால் அறிந்த முட்டு இதுவல்ல.

எனக்கு மூன்று அச்சங்கள். ஒன்று, ஆறாத புண்ணின் வழியே எண்ணெயோ பச்சிலையோ உள்ளே போனால் கிருமி உலோகத்தின் மேல் படியும். அங்கே படிந்த கிருமியை மருந்தால் மட்டும் விரட்டுவது மிகக் கடினம். சில சமயம் பொருத்திய மூட்டையே கழற்ற நேரிடும். இரண்டு, அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் கெண்டைக்காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அதை அறியாமல் அழுத்தித் தடவினால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். மூன்று, விழித்திருப்பவரின் காலைப் பலவந்தமாக மடக்கினால் தொடைத்தசை எதிர்த்து இறுகும், உள்ளே கிழிந்து ரத்தம் கசியும், வீங்கும். அந்த வீக்கத்திலிருந்து பிறப்பது இன்னும் அதிகத் தழும்பு.

இரணியல்: எங்கள் அப்பாவுக்கு ஆசான் கைபட்டுத்தான் நடை வந்தது. டாக்டர் கைவிட்ட கால் அது.

அப்பா நடப்பதில் மகிழ்ச்சி. மூட்டு மாற்றியவரா, மாற்றாதவரா என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே அதுதான் கேள்வி.

திருவட்டார்: என் மாமாவுக்கு இரண்டாவது மாதத்தில் வீட்டுக்கு வந்து தடவினார்கள். தொடையில் ஆள் ஏறி உட்கார்ந்து மடக்கினார்கள். முட்டு பனங்காய் அளவு வீங்கி, இருந்த மடக்கமும் போய்விட்டது.

அருமனை: தெரியாதவன் செய்ததற்கு வைத்தியத்தைக் குறை சொல்லக் கூடாது. அது இருக்கட்டும். மடங்காத காலை டாக்டர்களே மயக்கம் கொடுத்து மடக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது பலவந்தம் இல்லையா?

நல்ல கேள்வி, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஆம், அதுவும் விசையால் மடக்குவதுதான். ஆனால் மயக்கத்தில் தசை முழுவதும் தளர்ந்துவிடுகிறது, எதிர்ப்பது ஒட்டல் மட்டும்தான். எக்ஸ்ரே பார்த்து, எந்தப் பாகம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று அறிந்தவர், அறுவை அரங்கில் செய்கிறார். பொதுவாக 6 முதல் 12 வாரத்துக்குள் செய்கிறார்கள். தாமதமானால் நார் முற்றிவிடும். அப்போது ஒட்டலுக்குப் பதில் எலும்பு முறியலாம், சிரட்டைத் தசைநார் அறுந்து போகலாம். டாக்டர் கையிலும் இந்த ஆபத்துகள் உண்டு, அதனால்தான் எல்லோருக்கும் செய்வதில்லை. செய்த அன்றே பயிற்சி தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் ஒட்டும்.

உங்கள் கைக்கும் இடம் இருக்கிறது அண்ணன். புண் முழுதாக ஆறி, ரத்த உறைவு இல்லை என்று உறுதியாகி, அறுவை செய்த டாக்டர் ஒப்புக்கொண்டால், தொடைத்தசையின் இறுக்கத்தை மெல்லிய தடவலால் தளர்த்தலாம். இடுப்பிலும் மறு காலிலும் ஏறிய வலிக்கும் தடவலாம். முட்டை மடக்குவது மட்டும் நோயாளியின் சொந்த முயற்சியாகவே இருக்க வேண்டும். அவர் “போதும்” என்று சொல்லும் இடத்தில் கை நிற்க வேண்டும். இது என் தொழிலில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். நோயாளியை அலறவிட்டு மடக்கும் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் அவரிடமும் போகாதீர்கள்.

அருமனை: கடைசிப் பத்தியை ஏற்றுக்கொள்கிறேன். பச்சிலை விஷயத்தில் எனக்கு வேறு கருத்து உண்டு.

வைத்துக்கொள்ளுங்கள். ஆறாத புண்ணில் மட்டும் வைக்காதீர்கள்.

கொல்லங்கோடு: அப்பாவுக்கு அறுவை முடிந்து பன்னிரண்டு நாள். நேற்றிலிருந்து கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருக்கிறது, தொட்டால் வலி. ஐஸ் வைக்கவா?

எதுவும் வைக்காதீர்கள், தடவாதீர்கள். இப்போதே வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108ஐ அழையுங்கள். மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: புண்ணில் கசிவு, நாளுக்கு நாள் ஏறும் சிவப்பு, காய்ச்சல் வந்தாலும் அன்றே போக வேண்டும்.

தோவாளை: காப்பீட்டு அட்டையில் இந்த அறுவை செய்ய முடியுமா?

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

குளச்சல்: வாடகைக்கு எடுத்த மருத்துவமனைக் கட்டிலில் முட்டுப் பகுதியை உயர்த்தி வைக்கும் வசதி இருக்கிறது. அது நல்லதுதானே?

அதுவும் தலையணைதான். இறக்கிவிடுங்கள்.

களியக்காவிளை: ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முட்டுக்கும் நடுவில் தலையணை வைக்கலாமா?

இரு கால்களுக்கும் நடுவில் வைக்கலாம். முட்டு வளைந்தே கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலையணை பற்றிய மற்ற கேள்விகளுக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

பூதப்பாண்டி: ஐந்து மாதம் ஆகிவிட்டது. 80 டிகிரியில் நிற்கிறது. சர்க்கரையும் உண்டு. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் வீட்டிலிருந்தபடி அல்ல. முதலில் அறுவை செய்த டாக்டர் காரணத்தைத் தேட வேண்டும். கிருமித் தொற்று இருக்கிறதா, பொருத்திய பாகத்தின் அளவோ கோணமோ இடிக்கிறதா என்று பார்ப்பார். அவை இல்லாமல் தழும்பு மட்டும்தான் தடை என்றால், சிறு துளை வழியே ஆர்த்ராஸ்கோப்பியால் ஒட்டலை வெட்டிவிடும் வழி உண்டு. மயக்கத்தில் வெறுமனே மடக்கும் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். அது விறைப்புக்கும் தொற்றுக்கும் வழிவிடும். இடையில் பயிற்சியை நிறுத்தாதீர்கள். நிற்கும் சைக்கிளில் முழுச் சுற்று வராவிட்டாலும் பெடலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இருக்கையை உயரமாக வைத்துத் தொடங்கி, பழகப் பழக இறக்குங்கள்.

சுசீந்திரம்: தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போயிருக்கிறது. முட்டு இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது.

தோலுக்குச் செல்லும் சிறு நரம்பு வெட்டுப்படுவதால் மரத்துப்போகும். மரத்த இடம் சிறிது சிறிதாகச் சுருங்கும், ஓரளவு நிலைத்தும் விடலாம். காய்ச்சலும் சிவப்பும் இல்லாத மெல்லிய சூடு சில மாதம் இருக்கலாம்.

முஞ்சிறை: எட்டு மாதம் ஆகிறது, நன்றாக நடக்கிறேன். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் போகலாமா?

பன்னிரண்டு கோவிலுக்கும் தார்ச்சாலையில் ஓடுவது வேண்டாம். வாகனத்தில் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களோடு போங்கள். ஒவ்வொரு கோவிலிலும் இறங்கி நடங்கள். வண்டியில் காலை நீட்ட இடம் இருக்கட்டும்.

முளகுமூடு: பூசையில் முழங்காலிடலாமா சகோதரி? டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாமல் கேளுங்கள், நம் மாவட்டத்தில் அது அன்றாடத் தேவை. தழும்பு நன்றாக ஆறி, சில மாதம் கடந்து, மடக்கம் 110க்கு மேல் இருந்தால் பலருக்கு டாக்டர்கள் அனுமதிக்கிறார்கள். பெரும்பாலும் மூட்டு கெடாது. ஆனால் மரத்த தோலின் மேல் அழுந்துவது விநோதமாக இருக்கும். முதலில் வீட்டில் மெத்தை மேல், கட்டிலைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் தரைக்குப் போகட்டும், எழும்போது நல்ல காலை முன்னால் ஊன்றி எழுங்கள். ஆலயத்தில் முன் இருக்கையைப் பிடித்துக்கொள்ளும் இடமாகப் பார்த்து அமருங்கள்.