அடகு வட்டியை யார் கட்டுவது?

ஐயா,

லண்டனில் இருக்கும் என் மைத்துனரின் கம்பனிக்குக் கொழும்புக் கம்பனி ஒன்று காசு தரவேண்டும். ஒப்பந்தப்படி லண்டனில் நடுத்தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே, நடுவர் முன் விசாரணை) நடந்து, மைத்துனர் வென்றுவிட்டார். கையில் காசில்லாததால், வழக்குகளுக்குப் பணம் போடும் நிறுவனம் ஒன்றிடம் வாங்கித்தான் நடத்தினார். போட்டதைப்போல மூன்று மடங்கு அவர்களுக்குக் கொடுக்கவேண்டும். தீர்ப்பைக் கொழும்பில் நிறைவேற்றும்போது இதையும் எதிராளியிடம் வாங்கலாமா?

வாசகர், கோண்டாவில்

அன்புள்ள நண்பருக்கு,

வாங்க வழி உண்டு. ஆனால் கேட்கவேண்டிய இடம் கொழும்பு இல்லை, லண்டன் நடுத்தீர்ப்பாளரிடம்.

என் அப்பப்பா ஒரு வேலி வழக்குப் பேசினார். அயலவர் இரவோடு இரவாகக் கதியாலைத் தள்ளி நட்டுவிட்டார் என்பது பிராது. நிலம் ஒன்றரை முழம். அப்பம்மாவின் அட்டியலை அடகு வைத்துத்தான் சட்டத்தரணிக்குக் காசு கட்டினார். வழக்கு வென்றது, செலவுத்தொகையும் வந்தது. அட்டியலுக்கு ஏறிய வட்டி மட்டும் வரவில்லை. அப்பம்மா சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டினார்.

இங்கிலாந்து நீதிமன்றங்களிலும் இதுதான் வழமை. நடுத்தீர்ப்பில்தான் ஒரு விலக்கு. எஸ்ஸார், நோர்ஸ்கொட் என்ற இரண்டு கம்பனிகளின் பிணக்கில் நோர்ஸ்கொட் சுமார் 6,47,000 பவுண் வாங்கி வழக்காடியது. திருப்பிக் கொடுக்கவேண்டியது போட்டதைப்போல மூன்று மடங்கு, அல்லது கிடைப்பதில் 35 வீதம். எஸ்ஸாரின் நடத்தைதான் நோர்ஸ்கொட்டை இப்படிக் கடன்படவைத்தது என்று கண்ட நடுத்தீர்ப்பாளர், ஏறக்குறைய 19.4 இலட்சம் பவுணை எஸ்ஸாரின் தலையிலேயே கட்டினார். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டு நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவில் வரும் 'ஏனைய செலவுகள்' என்பதற்குள் இதுவும் அடங்கும் என்று லண்டன் நீதிமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்டது. அப்பம்மா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இனி மைத்துனரின் தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். அந்தத் தொகை அதில் எழுதப்பட்டிருந்தால் பாதிக் கவலை விட்டது. நமது 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டப்படி, கொழும்பு மேல் நீதிமன்றம் பிணக்கை மறுபடி விசாரிக்காது. 34ஆம் பிரிவு சொல்லும் காரணம் இருந்தால்தான் மறுக்கும். எதிராளி அநேகமாக அதிலுள்ள 'பொதுக் கொள்கை'யைத்தான் பிடித்துத் தொங்குவார். மூன்று மடங்கைக் காட்டி இது கந்துவட்டி என்பார். வாங்கியது ஏன், வேறு வழி இருந்ததா என்று நடுத்தீர்ப்பாளர் காரணம் எழுதியிருந்தால் அந்த வாதத்துக்குப் பலம் குறையும்.

எழுதப்படவில்லை என்றால், கொழும்பு அதைச் சேர்த்துக் கொடுக்காது. நிறைவேற்றும் நீதிமன்றத்துக்குத் தீர்ப்பில் உள்ளதைத்தான் நிறைவேற்றத் தெரியும். செலவு பற்றிய முடிவை நடுத்தீர்ப்பாளர் ஒத்திவைத்திருக்கிறாரா என்று பாருங்கள்; அப்படியானால் இன்னும் கேட்கலாம். கேட்டும் அவர் தொடாமல் விட்டிருந்தால், தீர்ப்புத் திகதியிலிருந்து 28 நாட்களுக்குள் மேலதிகத் தீர்ப்புக் கேட்க அந்த இங்கிலாந்துச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. கேட்கவே இல்லை என்றால் அந்தப் பிரிவும் உதவாது, அது மைத்துனரின் வீட்டுப் பாடுதான்.

அப்புறம், பணம் போட்டவருடன் செய்த ஒப்பந்தத்தையும் நல்ல சட்டத்தரணி ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். கிடைப்பதில் இத்தனை வீதம் என்று எழுதிய இத்தகைய ஒப்பந்தங்கள் பல செல்லாமற்போக, பிரித்தானிய உயர் நீதிமன்றத்தின் 2023 ஜூலைத் தீர்ப்பு வழிவைத்தது. மடங்குக் கணக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தீர்ப்பின் திகதியை நீங்கள் எழுதவில்லை. கொழும்பில் மனுப்போட, தீர்ப்பிலிருந்து 14 நாள் கழிந்தபின் ஒரு வருஷம்தான் அவகாசம். தீர்ப்பின் மூலப்பிரதியும் நடுத்தீர்ப்புக்குச் சம்மதித்த ஒப்பந்தமும், இல்லையேல் அவற்றின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளும் வேண்டும். இன்றைக்கே மைத்துனருக்குப் போன் போடுங்கள்.