41 கிரெடிட் இருக்கிறது, பட்டம் எங்கே?

கேள்வி: குடும்ப விசாவில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகன் இங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் நான்கு செமஸ்டர் படித்துவிட்டான். இரண்டு வருடப் படிப்பு என்று சொல்லித்தான் சேர்த்தோம். முதலில் நர்சிங் என்றான், பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினான். கணிதத்தில் இரண்டு முறை தோல்வி. மாலையில் மளிகைக் கடையில் வேலை. இப்போது "விட்டுவிட்டு முழுநேரம் வேலைக்குப் போகிறேன்" என்கிறான். கல்லூரியில் ஒவ்வொரு முறையும் வேறு ஆலோசகர், வேறு பதில். மாணவர்கள் முடித்து வெளியேறும்படி இந்தக் கல்லூரிகளை மாற்றி அமைத்து வருகிறார்களாமே, அதில் இவனுக்கு ஏதாவது உண்டா? அடுத்த ஆண்டு மகள் பள்ளி முடிக்கிறாள். அவளையும் இங்கேயே சேர்க்கலாமா? மகனின் மதிப்பெண் பட்டியலையும் கால அட்டவணையையும் இணைத்திருக்கிறேன்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: பட்டியலைப் பார்த்தேன். விட வேண்டாம். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்கு அப்படி இருக்கிறது.

ஒவ்வொரு பாடத்துக்கும் கல்லூரி தரும் மதிப்பலகுதான் கிரெடிட். உங்கள் மகன் இதுவரை பதிவு செய்தது 53 கிரெடிட். தேறியது 41. மீதி 12-இல் ஆறு, கணிதத்தில் இரண்டு முறை வாங்கிய எஃப். இன்னொரு ஆறு, பாதியில் விலகிய இரண்டு பாடங்கள். பட்டத்துக்கு வேண்டியது 60, ஆகவே 19 பாக்கி என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அங்கேதான் சிக்கல். நர்சிங்குக்காக எடுத்த உடற்கூறியல் இரண்டும் வேதியியல் ஒன்றும் தலா 4 கிரெடிட். கல்லூரி இணையதளத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் துறைப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டால் இந்த மூன்றுக்கும் அதில் இடமில்லை. கணக்கில் ஏறுவது 29 மட்டும். பாக்கி 31.

இந்த 31 என்ற எண்ணை உங்களிடம் கல்லூரியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆலோசகர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். பதிவு வாரத்தில் ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. "எந்தப் பாடம் எடுக்கலாம்" என்று கேட்பார்கள், இடம் காலியாக இருக்கும் பாடத்தைச் சொல்வோம். அந்தப் பாடம் பட்டத்தில் எங்கே போய் உட்காரும் என்று பார்க்க நேரம் இருக்காது.

அடுத்தது நிதியுதவி. மத்திய அரசின் பெல் உதவித்தொகை தொடர இரண்டு அளவுகோல்கள் முக்கியம். பதிவு செய்ததில் சுமார் 67 சதவீதமாவது தேறியிருக்க வேண்டும். உங்கள் மகன் 77 சதவீதத்தில் இருக்கிறார், கவலையில்லை. இரண்டாவது, பட்டத்துக்கு வேண்டியதைப்போல் ஒன்றரை மடங்குக்குள், அதாவது பதிவு செய்த கிரெடிட் 90-ஐத் தாண்டுவதற்குள் முடிக்க வேண்டும். தோற்றதும் விலகியதும்கூட இந்தக் கணக்கில் சேரும். 53-உடன் 31-ஐக் கூட்டினால் 84. மிச்சம் ஆறு, அதாவது இரண்டு பாடங்கள். இன்னும் இரண்டு பாடங்களில் சறுக்கலாம், மூன்றாவதில் சறுக்க முடியாது. துறை மாறியவர்களுக்குப் பழைய துறையின் கிரெடிட்டைச் சில கல்லூரிகள் கழித்துவிடும். உங்கள் கல்லூரி கழிக்குமா என்று நிதியுதவி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கழிக்காது என்று வைத்தே நான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

"முழுநேர மாணவன்தானே, இரண்டு வருடத்தில் ஏன் முடியவில்லை" என்ற உங்கள் ஆதங்கத்துக்கும் பதில் இருக்கிறது. நிதியுதவிக்கு முழுநேரம் என்பது செமஸ்டருக்கு 12 கிரெடிட். நான்கு செமஸ்டருக்கு 48. ஒரு பாடத்திலும் தோற்காமல், துறையும் மாறாமல் படித்தால்கூட இரண்டு வருடத்தில் 12 கிரெடிட் குறையும். உரிய காலத்தில் முடிக்க 15 வேண்டும். இதை மாணவர்களுக்கு உரக்கச் சொல்ல ஹவாய் பல்கலைக்கழகம் ஒரு தனிப் பிரசாரமே நடத்தியது. பிறகு மற்ற மாநிலங்களும் பிடித்துக்கொண்டன.

மாற்றி அமைப்பது பற்றிக் கேட்டீர்கள். கம்யூனிட்டி காலேஜ்கள் நெடுங்காலமாகப் பஃபே விருந்துபோல நடந்தவை. தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது சுதந்திரம். குடும்பத்தில் முதன்முதலாக அமெரிக்கக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு அது குழப்பம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இயங்கும் ஆய்வு மையம் ஒன்று இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, இலை போட்டு வரிசையாகப் பரிமாறும் முறையைப் பரிந்துரைத்தது. ஒவ்வொரு துறைக்கும் முதல் செமஸ்டரிலிருந்து கடைசி வரை பாட வரிசை எழுத்தில் இருக்க வேண்டும், மாணவர் தடம் மாறினால் கல்லூரியே கவனித்துக் கூப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். 2015-க்குப் பிறகு நூற்றுக்கணக்கான கல்லூரிகள் இந்த வழியில் இறங்கின. பல இடங்களில் இணையதளம் அழகாக மாறியது, ஆலோசகர் எண்ணிக்கை மாறவில்லை என்பது என் மனக்குறை. ஆனாலும் அந்தப் பாட வரிசைத் தாள் உங்கள் மகனுக்கு உதவும். அவர் துறைக்கு உரியதை இறக்கி, முடித்த பாடங்களைப் பேனாவால் அடிக்கச் சொல்லுங்கள்.

கணிதத்துக்கு வருகிறேன். கிரெடிட் இல்லாத அடிப்படைக் கணிதத்தில் மாணவர்களை முதலில் உட்கார வைத்துத் தகுதி வந்த பிறகு கல்லூரிக் கணிதத்துக்கு அனுப்புவதே முன்பு வழக்கம். பலர் அந்த வாசலிலேயே நின்றுபோனார்கள். 2013-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமான கியூனியின் கம்யூனிட்டி காலேஜ்களில் ஒரு சோதனை நடந்தது. அடிப்படை இயற்கணிதம் தேவை என்று ஒதுக்கப்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை நேரே கல்லூரிப் புள்ளியியலில் சேர்த்து, வாரந்தோறும் துணைப் பயிற்சியும் கொடுத்தார்கள். அடிப்படை இயற்கணிதம் எடுத்தவர்களில் 39 சதவீதம் தேறினார்கள். புள்ளியியல் எடுத்தவர்களில் 56 சதவீதம். கடினம் என்று நினைத்த பாடத்தில்தான் அதிகம் பேர் தேறினார்கள். இன்று பல மாநிலங்களில் துணை வகுப்போடு இணைந்த கணிதமே நடைமுறை.

மூன்றாம் முறை அதே வகுப்பில் அவர் தனியாகப் போய் உட்கார வேண்டாம். துணை வகுப்பு சேர்ந்த பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் கால்குலஸ் வரை போயாக வேண்டும், புள்ளியியல் போதாது. நான் கணக்கிட்ட 31 கிரெடிட், பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருக்கும் தகவல் அமைப்புகள் துறைக்கானது. அவர் மனதில் இருப்பதும் அதுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் ஒன்றும் மனதில் ஒன்றுமாக இரண்டு வருடம் படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மகளைப் பற்றிய கேள்விக்கு இங்கேயே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது எளிது. சேர்க்கலாம், ஆனால் சேரும்போதே ஏசாப் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கியூனி 2007-இல் தொடங்கிய திட்டம் இது. முழுநேரம் படிக்க வேண்டும். பதிலுக்கு, உதவித்தொகை போக மீதமாகும் கட்டணம் தள்ளுபடி, பஸ், சுரங்க ரயில் அட்டை, புத்தக உதவி, வகுப்புகளைச் சேர்ந்தாற்போல் அமைத்த அட்டவணை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஆலோசகர். எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் இதைக் குலுக்கல் முறையில் சோதித்தபோது, திட்டத்தில் ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள். வெளியே 600 முதல் 1,500 வரை. மூன்று வருடத்தில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்துக்குள் 40 சதவீதம், வெளியே 22. ஒஹையோவில் மூன்று கல்லூரிகள் இதையே செய்து பார்த்தன. அங்கே 35-க்கு 19. தலைக்குச் செலவு கூடுதல்தான். ஆனால் முடிப்பவர்கள் இவ்வளவு பெருகியதால், கியூனியில் ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவு குறைந்தது.

41 கிரெடிட் சேர்த்துவிட்ட உங்கள் மகனை இதில் பொதுவாக எடுக்க மாட்டார்கள். அதன் உள்ளடக்கத்தை வீட்டளவில் செய்துகொள்ளலாம். அட்டவணையைப் பாருங்கள்: செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு ஒரு வகுப்பு, அடுத்தது பிற்பகல் 2 மணிக்கு. முதல் நாள் இரவு 10 மணிக்குக் கடை மூடியவர் அந்த எட்டு மணி வகுப்பில்தான் கணிதம் படித்திருக்கிறார்! பதிவு திறக்கும் முதல் நாளே அமர்ந்தால் எல்லாவற்றையும் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் அடைத்துவிடலாம். வேலைக்குப் போகிறவரை 15 எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலையுதிர் காலத்தில் 12, வசந்தத்தில் 12, கோடையில் 7. கூட்டினால் 31. கோடையில் 6-க்குக் குறையாமல் எடுத்தால் கூடுதல் பெல் தொகைக்கும் வழி உண்டு. மாநில அரசின் டாப் உதவித்தொகை ஈராண்டுப் படிப்புக்கு ஆறு செமஸ்டர் வரைதான். அவர் நான்கிலும் வாங்கியிருந்தால் மிச்சம் இரண்டு. ஒரு செமஸ்டர் விட்டுப் பிடிக்கலாம் என்ற யோசனை இருந்தால், அது தவிர்க்க வேண்டிய யோசனை.

எந்தப் பாடம் பட்டத்துக்குக் கணக்கில் ஏறுகிறது, எது பாக்கி என்று காட்டும் டிகிரி ஆடிட் என்ற கல்லூரி அறிக்கையை அச்செடுத்து, கையால் அடித்த பாட வரிசைத் தாளோடு துறை ஆலோசகரை முன்பதிவு செய்து பார்க்கட்டும். பதிவு வாரத்தில் வேண்டாம், அதற்கு மூன்று வாரம் முன்பு. ஆலோசகரின் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதி வாங்கி, அடுத்த முறையும் அவரிடமே போகட்டும்.

நீங்கள் கூடப் போவதாக இருந்தால் ஒன்று. நம் ஊரில் அம்மா போய்த் துறைத் தலைவரைப் பார்த்துப் பேசுவதுபோல இங்கே முடியாது. கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவரின் மதிப்பெண்ணை அவர் எழுத்தில் சம்மதித்தால் ஒழியப் பெற்றோரிடம் பேச அலுவலகத்தார் தயங்குவார்கள். சட்டம் அப்படி. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உள்ளே போங்கள். இல்லையென்றால் வெளியே காப்பி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருங்கள். வந்ததும் 31-ஐ அந்த ஆலோசகர் ஒப்புக்கொண்டாரா என்று மட்டும் கேளுங்கள்.