பள்ளிப் பிள்ளைகளிடம் கள ஆய்வு செய்யப் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதுமா?

கேள்வி கேட்டவர் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவி. கடலூர் மீனவக் குப்பம் ஒன்றில் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம், படிப்பை ஏன் பாதியில் விடுகிறார்கள் என்று ஆய்வு செய்யப்போகிறார். தலைமையாசிரியர் சரி சொல்லிவிட்டார், பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கிவிடலாம், வேறு என்ன வேண்டும் என்கிறார்.

பிள்ளையின் சம்மதம் வேண்டும். நான் புதுச்சேரியில் இருந்துகொண்டு கடலூர், பாகூர் பக்கம் இதே வேலையைச் செய்கிறவன். எல்லோரும் கடைசியில் யோசிப்பது இதைத்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலோடு அவர்களுடைய இசைவும் வேண்டும். 7 முதல் 12 வரை வாயால் சொன்னால் போதும், அதற்கு மேல் எழுத்தில். ஆய்வுக்கு அனுமதி தரும் உங்கள் நெறிமுறைக் குழு இன்னும் என்னென்ன கேட்கும் என்பதை கைடிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தாளில் இது சுலபம். வகுப்பறையில் அப்படியில்லை. எச்.எம். வந்து “இந்த அக்கா கேக்கறதுக்கு எல்லாரும் ஒழுங்கா பதில் சொல்லணும்” என்று சொல்லிவிட்டுப் போனால், எந்த எட்டாம் வகுப்புப் பையன் முடியாது என்பான்? படிவத்தைக் கொடுத்ததுமே “இதுக்கு மார்க் உண்டா?” என்று ஒருவன் கேட்பான். பரீட்சை என்று நினைத்துப் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுவான். அந்தத் தரவை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

நான் செய்வது இது. ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரம் கேட்டு வாங்குவேன். கேள்விக்குப் போகும் முன் “நான் என்ன கேட்டாலும் ‘சொல்லமாட்டேன்’னு சொல்லுங்க” என்று ஆளுக்கு ஒரு தடவை சொல்லவைப்பேன். சிரிப்பும் கூத்துமாக இருக்கும். ஆனால் பெரியவர் ஒருவரிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு தடவை தேவை. விருப்பமில்லாதவர்கள் வெறும் தாளையே மடித்துப் பெட்டியில் போடலாம்; யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று எச்.எம்.முக்குக்கூடத் தெரியாது. பேனாவோ பிஸ்கட்டோ கொடுப்பதானால் அவர்களுக்கும் கொடுங்கள்.

அடுத்தது, “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆய்வு செய்கிறவருக்கும் விலக்கு இல்லை. பாலுறவுக்குப் பிள்ளையே சம்மதித்திருந்தாலும் 18க்குக் கீழே என்றால் சட்டம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே உங்கள் தலைப்புக்குத் தேவையில்லாத காதல், உறவு பற்றிய கேள்விகளைச் சும்மா ஆர்வத்துக்காகச் சேர்க்க வேண்டாம். “உனக்கு ஆபத்து என்று தோன்றினால் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடுவேன்” என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் எழுதிக் கொடுங்கள்.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் மாதிரி ஊர்களுக்கு நோட்டும் கேமராவுமாக வந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. அன்று பத்து வயதில் அவர்களுக்குப் பதில் சொன்ன பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். நீங்கள் கையெழுத்து கேட்கப்போகிற பெற்றோரில் அவர்களும் இருக்கலாம். “எழுதிட்டுப் போய் என்னம்மா பண்ணுவீங்க?” என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள், நியாயமான கேள்வி. அரசுத் திட்டம் வரும், உதவி வரும் என்று ஆசை காட்டாமல், இது என் படிப்புக்கு, முடிவை ஊரில் வந்து சொல்வேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி போய்ச் சொல்லவும் வேண்டும். அப்புறம், ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்காமல் நேராக வீடு வீடாகப் போனால் இரண்டாவது தெருவிலேயே நிறுத்திவிடுவார்கள். அவர்கள் சரி சொன்னதை வீட்டுக்காரர்களின் சம்மதமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பது நகரத்து நம்பிக்கை. “ஒன்பதாவது படிக்கும் பெண், அப்பா கடலில் இறந்தவர், அக்கா நர்ஸிங்” என்று எழுதினால் குப்பத்தில் எல்லோருக்கும் ஆள் தெரியும். ஊர்ப் பெயரையும் இப்படிப்பட்ட விவரங்களையும் மாற்றுங்கள். ஆடியோவைப் போனிலேயே விட்டுவைக்காதீர்கள்.

நேரமும் முக்கியம். காலையில் அம்மாமார்கள் ஏலக்கூடத்திலும் மார்க்கெட்டிலும் இருப்பார்கள், அங்கே படிவத்தை நீட்டினால் என்னவென்று பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள். அப்பாக்களைப் பிடிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் தோது, விசைப்படகுகள் கரையில் இருக்கும். ஆனால் அதில் பாதி நாள் பள்ளி விடுமுறை என்பதால் பெற்றோர் வேலையை அப்போது முடித்துக்கொண்டு, பள்ளி திறந்தபின் பிள்ளைகளிடம் போகலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க பாகூர் பக்கப் பள்ளி ஒன்றையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால், எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினாலே வேறு அரசாங்கம் என்பதை மறக்காதீர்கள். கடலூரில் முதன்மைக் கல்வி அலுவலர், அங்கே புதுச்சேரி பள்ளிக் கல்வி இயக்ககம். ஒன்றின் அனுமதிக் கடிதம் மற்றதில் செல்லாது, இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள்.