மூன்றாவது ஸ்லிப் பதில்கள்: இந்த முறை அக்ரம் மட்டும்

போன இதழில், பாகிஸ்தானின் பழைய வேகப்பந்து வீச்சாளரைப் பற்றி, “இடதுகை வேகம் என்றால் வாசிம் அக்ரம். அப்புறம் பெரிய இடைவெளி. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள்” என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். பாதிப் பேர் திட்டி எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். திட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

1999-இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் ஜெயித்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது என்றால் என் மகன்கள் நம்ப மறுக்கிறார்கள். நீங்கள் பார்த்தீர்களா? (ஓய்வுபெற்ற தபால்காரர், விழுப்புரம்)

பார்த்தேன் ஐயா. என் அத்தை மகன் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய டிக்கெட். நாலாவது நாள், ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தொடர் நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. டெல்லி ஆடுகளத்தைச் சிவசேனைக்காரர்கள் கொத்திப் போட்டதால்தான் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. 1987-க்குப் பிறகு பாகிஸ்தான் இங்கே டெஸ்ட் ஆட வருகிறது. கேப்டன் அக்ரம்.

நமக்கு இலக்கு 271. அன்று காலை திராவிடுக்கு அக்ரம் போட்ட பந்தை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்க முடியும். லெக் பக்கம் வருவதுபோல் வந்து, விழுந்த பிறகு மனசு மாறி, ஆஃப் ஸ்டம்பின் தலையைத் தட்டிவிட்டுப் போனது. திராவிட் செய்த தவறு என்று எதையும் சொல்ல முடியாது. 82-க்கு 5 விக்கெட். அப்புறம் சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். முதுகுவலியோடு சச்சின் 136. இன்னும் 17 ரன்தான். சக்லைன் முஷ்டாக் போட்ட பந்தைச் சச்சின் தூக்கி அடிக்கிறார், மேலே போகிறது, கீழே நிற்பவர் யாரென்று பார்த்தால் அக்ரம். “விட்டுடு ராசா” என்று வாய்விட்டே சொன்னேன். விடவில்லை. கடைசி நாலு விக்கெட்டும் நாலே ரன்னில் போய், 12 ரன்னில் தோற்றோம். என் மடியில் புளியோதரைப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

கொஞ்ச நேரம் மைதானத்தில் சத்தமே இல்லை. அப்புறம் எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் ஆரம்பித்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் எழுந்தது பெரிய மனசால் இல்லை. முன்வரிசைக்காரர் எழுந்துவிட்டார், எனக்கு மைதானம் மறைத்தது. ஆனால் பாகிஸ்தான்காரர்கள் எல்லைக்கோட்டை ஒட்டிச் சுற்றி ஓடிவந்தபோது நானும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். மகன்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அடுத்த டெஸ்ட்டில் பழிதீர்த்தோமே, அதை ஏன் எழுதுவதில்லை? (கல்லூரி மாணவர், ஈரோடு)

எழுதிவிட்டால் போச்சு. டெல்லியில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் 74 ரன்னுக்குப் பத்து விக்கெட். அந்தப் பத்தாவது விக்கெட் அக்ரம்தான், லட்சுமண் கையில் பிடிகொடுத்தார். திருப்தியா?

அக்ரம் எப்படி அணிக்குள் வந்தார்? பெரிய இடத்துப் பிள்ளையா? (வாசகி, காரைக்குடி)

லாகூர்க்காரர், 1966 ஜூனில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்ததால் பாட்டி வீட்டில் வளர்ந்த பையன். சிபாரிசுக்கு ஆள் இல்லை. 1984-இல் லாகூரில் நடந்த பயிற்சி முகாமில் வலைக்குள் பந்து போட்டுக்கொண்டிருந்தவர் பாகிஸ்தானின் மூத்த ஆட்டக்காரர் ஜாவேத் மியான்தாத் கண்ணில் பட்டார். நியூசிலாந்து அணிக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் இறக்கிவிட்டார்கள். அவருடைய முதல் முதல்தர ஆட்டமே அதுதான், அதிலேயே ஏழு விக்கெட். சில வாரங்களில் நாட்டு அணி. 1985-இல் டனிடினில் ஆடிய இரண்டாவது டெஸ்ட்டிலேயே பத்து விக்கெட், வயது 18. நியூசிலாந்துக்குக் கிளம்பும் முன், கையில் எவ்வளவு பணம் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று மியான்தாதிடம் கேட்டாராம். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு என்பதே பையனுக்குத் தெரியாது. இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

ரிவர்ஸ் ஸ்விங் என்பது பந்தைச் சுரண்டும் வித்தைதானே? பூசி மெழுகாமல் சொல்லவும். (இயற்பியல் ஆசிரியை, கும்பகோணம்)

டீச்சரிடமே இயற்பியல் பேச வேண்டியிருக்கிறது. சரி, தப்பிருந்தால் சிவப்பு மையில் திருத்துங்கள்.

புதுப் பந்து தையல் காட்டும் திசையில் வளையும். ஒரு பக்கம் மினுமினுப்பு, இன்னொரு பக்கம் சொரசொரப்பு என்று ஆனபின், சொரசொரப்பான பக்கமாகப் போகும். நாற்பது, ஐம்பது ஓவர் ஆன பழைய பந்தை நல்ல வேகத்தில் போட்டால் கதை தலைகீழாகும். மினுக்கும் பக்கமாகவே திரும்பும், அதுவும் கடைசி நேரத்தில். பாகிஸ்தான் மைதானங்கள் கட்டாந்தரை, பந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆடுகளமோ செத்த ஆடுகளம். புதுப் பந்தை மட்டும் நம்பினால் வேகப்பந்து வீச்சாளர் பிழைக்க முடியாது. அந்த வறுமையில் பிறந்த கலை இது. சர்ஃபராஸ் நவாஸிடமிருந்து இம்ரான் கான், இம்ரானிடமிருந்து அக்ரமும் வக்கார் யூனிஸும் என்று கைமாறி வந்தது. அக்ரம் ஓடிவரும்போது மற்றொரு கையால் பந்தை மூடிக்கொண்டு வருவார், எந்தப் பக்கம் மினுக்குகிறது என்று மட்டையாளர் பார்த்துவிடக் கூடாதல்லவா?

சுரண்டினார்களா என்று கேட்கிறீர்கள். 1992-இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட் தொடரில் அக்ரம் 21, வக்கார் 22 விக்கெட். தொடரையும் பாகிஸ்தான் 2-1 என்று ஜெயித்தது. அந்த ஊர்ப் பத்திரிகைகள் ‘ஏமாற்று’ என்று குதித்தன. லார்ட்ஸ் ஒருநாள் ஆட்டத்தில் நடுவர்கள் பந்தை மாற்றியதும் உண்மை. அந்தக் காலத்தில் பந்தில் கை வைக்காத அணி எதுவுமே இல்லை என்பது என் எண்ணம். ஆனால் சுரண்டிய பந்தை என் கையில் கொடுத்தால் அது நேராக ஸ்கொயர் லெக் நடுவரிடம்தான் போகும். ஒரே மாதிரி கையசைவில் உள்ளேயும் வெளியேயும் வளைக்க அந்த மணிக்கட்டு வேண்டும். பின்னாளில் இங்கிலாந்துக்காரர்களே இதைக் கற்றுக்கொண்டு 2005-இல் ஆஸ்திரேலியாவிடமிருந்து ஆஷஸ் தொடரை ஜெயித்தபோது அதற்குப் பெயர் ‘கலை’ ஆகிவிட்டது.

1992 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அந்த இரண்டு பந்துகள்? (பலர்)

மெல்போர்ன். பாகிஸ்தான் 249. அதில் கடைசியில் அக்ரம் 18 பந்தில் அடித்த 33 ரன்னும் சேர்த்தி. இங்கிலாந்து 141-க்கு 4, ஆலன் லேம்பும் ஃபேர்பிரதரும் நிலைத்துவிட்டார்கள். கேப்டன் இம்ரான் அக்ரமைத் திரும்ப அழைத்தார். ரவுண்ட் தி விக்கெட், அதாவது ஸ்டம்புக்கு மறுபக்கமாக வந்து போட்ட பந்து லேம்பை நோக்கி உள்ளே வந்து, வெளியே விலகி, ஸ்டம்பை எடுத்தது. அடுத்து வந்தவர் கிறிஸ் லூயிஸ். போன பந்தைப் பார்த்துவிட்டு வெளியே போகும் என்று நினைத்தார் போல, இது உள்ளே வந்தது. மட்டை ஓரத்தில் பட்டு ஸ்டம்ப். 141-க்கு 6. 22 ரன்னில் கோப்பை, ஆட்டநாயகன் விருது அக்ரமுக்கு. அந்தப் போட்டி நெடுக வைடும் நோபாலும் வாரி வழங்கிக்கொண்டிருந்தவரிடம், “அதைப் பற்றிக் கவலைப்படாதே, வேகமாகப் போடு” என்று சொல்லி வைத்திருந்தவர் இம்ரான்.

மட்டையாளராக அக்ரம் வீணடிக்கப்பட்டார் என்பேன். (வங்கி ஊழியர், நாகர்கோவில்)

ஆமாம். ஷேக்குபுராவில் 1996-இல் ஜிம்பாப்வேக்கு எதிராக எட்டாவதாக இறங்கி ஆட்டமிழக்காமல் 257, பன்னிரண்டு சிக்சர். திறமை இருந்தது, பொறுமை இல்லை.

மேட்ச் ஃபிக்சிங்கில் பெயர் அடிபட்டவரை இப்படிக் கொண்டாடுவது சரியா? (வழக்கறிஞர், மதுரை)

நியாயமான கேள்வி. இதற்காகவே இந்த இதழுக்கு நாலு நாள் தாமதமாக எழுதுகிறேன்.

பெங்களூரில் 1996 உலகக் கோப்பை காலிறுதி. விலாப் பக்கம் பிடித்துக்கொண்டதாகச் சொல்லிக் கேப்டன் அக்ரம் ஆடவில்லை, இந்தியா ஜெயித்தது. லாகூரில் அவர் வீட்டின் மீது கல்லெறிந்தார்கள். இப்படிச் சேர்ந்த சந்தேகங்கள்தான் நீதிபதி மாலிக் கயூம் விசாரணை வரை போயின. 2000-இல் அறிக்கை வந்தது. முன்னாள் கேப்டன் சலீம் மாலிக்குக்கு ஆயுள் தடை. அக்ரமுக்கு மூன்று லட்சம் பாகிஸ்தான் ரூபாய் அபராதம், இனி கேப்டன் பதவி தரக் கூடாது என்ற பரிந்துரை. அக்ரமுக்கு எதிரான முக்கியச் சாட்சி, அணியில் கூட ஆடிய பந்துவீச்சாளர் அத்தா உர் ரஹ்மான். அவர் சொன்னதைப் பிறகு மாற்றிச் சொன்னதால், குற்றம் நிரூபணம் ஆகவில்லை, சந்தேகமும் போகவில்லை என்ற இடத்தில் அறிக்கை நின்றது. சில ஆண்டுகள் கழித்து அதே நீதிபதி, அக்ரம் மீது தனக்குக் கொஞ்சம் இளகிய மனம் இருந்தது என்று பேட்டியில் சொன்னார். அதற்குப் பிறகு அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது? அக்ரம் இன்றுவரை மறுக்கிறார். நீங்கள் வழக்கறிஞர், சந்தேகத்தின் பலன் யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். நான் ரசிகன். திராவிடுக்குப் போட்ட அந்தப் பந்தை யாரும் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது என்று சொல்லிக்கொள்கிறேன். இது வாதம் இல்லை, சமாதானம்தான். எனக்கே தெரிகிறது.

அக்ரமுக்குச் சர்க்கரை நோய் என்பது நிஜமா? என் கணவர் சர்க்கரையைக் காரணம் காட்டிக் காலை நடைக்குக்கூடப் போவதில்லை. (இல்லத்தரசி, ஆம்பூர்)

நிஜம்தான் அம்மா. 1997-இல் கண்டுபிடித்தார்கள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது, உலகின் முதல்தர வேகப்பந்து வீச்சாளர், இனி தினமும் இன்சுலின் ஊசி. அதற்குப் பிறகுதான் 1999 மார்ச்சில் இலங்கைக்கு எதிராக லாகூரிலும் டாக்காவிலும் அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட் ஹாட்ரிக். அதற்குப் பிறகுதான் 2003 உலகக் கோப்பையில் 500-ஆவது ஒருநாள் விக்கெட், உலகில் முதல் ஆளாக. 502-இல் நிறுத்தினார். அதை 2009-இல் தாண்டியவர் கண்டியில் பிறந்த நம் முரளிதரன். டெஸ்ட்டில் 414 விக்கெட்.

எனக்கும் பதினொரு வருடமாகச் சர்க்கரை. மாடிப்படி ஏறினாலே நான் உட்கார இடம் தேடுவேன். ஆகவே உங்கள் கணவரை அதட்டும் தகுதி எனக்கில்லை. இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் காபி டம்ளருக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

அக்ரமின் மனைவி சென்னையில் இறந்ததாகப் படித்தேன். என்ன நடந்தது? (செவிலியர், தாம்பரம்)

முதல் மனைவி ஹுமா, உளவியல் நிபுணர். 1995-இல் திருமணம், இரண்டு மகன்கள். 2009 அக்டோபரில் ஹுமாவின் உடல்நிலை மோசமாகி, லாகூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஆம்புலன்ஸ் விமானத்தில் கொண்டுபோனார்கள். எரிபொருள் நிரப்பச் சென்னையில் இறங்கிய நேரத்தில் நிலைமை கைமீறியது. யாரிடமும் இந்திய விசா இல்லை, கையில் இருப்பது பாகிஸ்தான் பாஸ்போர்ட். மீனம்பாக்கத்தில் அக்ரமை அடையாளம் கண்டுகொண்ட அதிகாரிகள், விசாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று விட்டுவிட்டார்கள். அப்போலோவில் சேர்த்தார்கள். அக்டோபர் 25 அன்று ஹுமா இறந்தார், வயது 42. இப்போதும் சென்னை என்ற பேச்சு வந்தால் அக்ரம் அந்த விமான நிலைய ஆட்களைத்தான் முதலில் சொல்கிறார்.

இதற்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு, அக்ரம் வர்ணனை வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில், இங்கிலாந்தில் ஒரு விருந்தில் கொக்கெய்ன் பழகி அதற்கு அடிமையாகிவிட்டார். ஹுமாதான் கண்டுபிடித்து, சிகிச்சைக்குச் சேர்த்து, போராடினார். முழுதாக விட்டது ஹுமா போன பிறகு. 2022-இல் வந்த தன்வரலாற்றில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். யாரும் கண்டுபிடித்து எழுதவில்லை, அவராகச் சொன்னது. ஃபிக்சிங் பற்றி மதுரைக்காரருக்கு எழுதிய பதிலை இதைப் படித்துவிட்டுத் திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தவில்லை, அது வேறு கணக்கு.

2013-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஷனீராவை மணந்தார். ஒரு மகள். கராச்சியில் வாழ்கிறார்கள்.

நான் எட்டாம் வகுப்பு. இடதுகையால் பந்து போடுவேன். அக்ரம் மாதிரி போட என்ன செய்யணும்? (மாணவன், திருவாரூர்)

தம்பி, அவர் ஓடிவருவது ரொம்பக் குறைந்த தூரம்தான். நீ தெருமுனையிலிருந்து ஓடிவர வேண்டாம். வேகம் முழுக்க தோளிலும் மணிக்கட்டிலும் இருந்தது. முதலில் தையல் நேராக நிற்கும்படி நூறு பந்து போட்டுப் பார், டென்னிஸ் பந்து என்றால் ஒரு பக்கம் இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள், நன்றாக வளையும். பாகிஸ்தான் தெருக்களிலும் பையன்கள் டேப் சுற்றிய பந்தில்தான் ஆடுகிறார்கள். அப்புறம், ஆஃப் ஸ்டம்புக்குப் பின்னால் யார் வீட்டு ஜன்னல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆரம்பி.