லேப்டாப்பை மூடினாலும் வேலை ஓடுகிறது: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பாதி மகளைப் பற்றி, மீதி உங்கள் மைத்துனரைப் பற்றி. மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிறாள். ராத்திரியில் கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறாள். "போய்ப் படும்மா" என்றால் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு, "பரவால்லப்பா, வேலை அங்க ஓடிக்கிட்டு இருக்கும்" என்கிறாள். சாக்குச் சொல்கிறாள் என்று உங்களுக்குச் சந்தேகம். மைத்துனருக்குச் சந்தேகமே இல்லை. கறுப்புத் திரையெல்லாம் அந்தக் காலம், இனி ஏஐ-தான், கடன் வாங்கியாவது அந்தப் பெரிய தனியார் கல்லூரியில் ஏஐ பட்டத்துக்குச் சேர்த்துவிடுங்கள் என்கிறார்.

உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. வேலை நிஜமாகவே அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறுதலாக நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இனி நான் சொல்லப்போவது உங்கள் மைத்துனருக்குப் பிடிக்காது: அந்தக் கடனை வாங்காதீர்கள்.

முதலில் அவள் என்ன செய்கிறாள் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். நண்பர்களோடு சேர்ந்து எங்கோ இருக்கும் ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணினிக்கு மவுஸ் கிடையாது, திரை கிடையாது. எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக உள்ளே நுழைந்து, கட்டளைகளை எழுத்தில் தட்டித்தான் அதை இயக்க முடியும். இதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. பல மணி நேரம் ஓடவேண்டிய ஒரு வேலையைத் தொடங்கியிருப்பீர்கள், நடுவில் இன்டர்நெட் அறுந்துவிடும். அறுந்தது தெரிந்ததும் அந்தக் கணினி, "உங்கள் ஆள் போய்விட்டார்" என்று அந்த இணைப்பில் ஓடும் நிரல்களுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். சிக்ஹப் என்பார்கள். டெலிபோன் லைன் வழியாகக் கணினிக்குள் நுழைந்த காலத்து ஏற்பாடு அது, இன்றும் அப்படியே இருக்கிறது. சிக்னல் வந்ததும் பெரும்பாலான நிரல்கள் செத்துப்போகும். பாதி நகலெடுத்த கோப்பு, பாதியில் நின்ற அப்கிரேடு, மறுபடி முதலிலிருந்து.

இதற்கான மருந்துதான் உங்கள் மகள் பயன்படுத்தும் டீமக்ஸ். டெர்மினல் மல்டிபிளெக்ஸர் என்ற வகை, அதாவது கட்டளை தட்டும் ஒரே கறுப்புத் திரைக்குள் (அதுதான் டெர்மினல்) பல திரைகளை வைத்துக்கொள்ள உதவும் நிரல். இதே வேலையைச் செய்யும் ஸ்கிரீன் 1987-லேயே வந்துவிட்டது. டீமக்ஸை நிக்கோலஸ் மேரியட் என்பவர் 2007-இல் எழுதினார். இரண்டும் இலவசம்.

அது செய்வது இதுதான். நீங்கள் டீமக்ஸைத் தொடங்கியதும் தொலைவிலிருக்கும் அந்தக் கணினியிலேயே ஒரு சர்வர் நிரல் தனியாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் எஸ்எஸ்ஹெச் இணைப்போடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. நீங்கள் தட்டும் கட்டளைகளெல்லாம் அதன் பிடியிலுள்ள போலி டெர்மினல்களுக்குள் ஓடுகின்றன. உங்கள் பக்கம் இருப்பது வெறும் ஜன்னல். இணைப்பு அறுந்தால் மூடுவது அந்த ஜன்னல் மட்டுமே, உள்ளே ஓடும் வேலைக்கு விஷயமே தெரியாது. கண்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தி, விட்டு, டி-யைத் தட்டினால் நாமாகவே விலகி வரலாம், அதை டிடாச் என்பார்கள். மறுநாள் வேறொரு கணினியிலிருந்து நுழைந்து 'டீமக்ஸ் அட்டாச்' என்று தட்டினால், பாதியில் விட்ட கட்டளை வரி உட்பட எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும். ஆக, அவள் லேப்டாப்பை மூடிவிட்டு உங்களிடம் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகத் துல்லியமான வாக்கியம்.

இதோடு முடியவில்லை. அதே கண்ட்ரோல்-பி-க்குப் பிறகு சதவீதக் குறியைத் தட்டினால் திரை இடவலமாகப் பிரியும், இரட்டை மேற்கோள் குறியைத் தட்டினால் மேல்கீழாகப் பிரியும். ஒரு பக்கம் லாக் (சர்வர் எழுதிக்கொண்டே இருக்கும் நடவடிக்கைக் குறிப்பு) ஓடும், மறுபக்கம் கோப்பைத் திருத்தலாம். இசட் தட்டினால் ஒரு கட்டம் மட்டும் முழுத்திரையாகும், இன்னொரு முறை தட்டினால் பழையபடி சுருங்கும். இப்படி ஒன்றாகத் திறந்து வைக்கும் திரைகளின் தொகுப்பை செஷன் என்பார்கள், ஒவ்வொரு செஷனுக்கும் பெயர் வைக்கலாம். பெயர் வைக்காமல் பத்து செஷன் திறந்து வைத்திருக்கும் ஆளிடம் சர்வரைக் கொடுக்கவே எனக்குப் பயம். ஒரே கணக்கில் நுழைந்த இரண்டு பேர் ஒரே செஷனில் இணைந்தால் இருவருக்கும் ஒரே திரை தெரியும். அனுபவசாலி தட்டுவதைப் புதியவர் எங்கிருந்தும் பார்த்துக் கற்கலாம், புதியவர் தவறாக ஏதாவது தட்டப் போனால் அனுபவசாலி தடுக்கலாம். இந்தத் தொழிலில் குருகுலம் என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் நடக்கிறது.

சரி, ஒரு கருவியைத் தெரிந்துகொண்டால் வேலை கிடைத்துவிடுமா என்பீர்கள். கிடைக்காது. டீமக்ஸ் தெரியும் என்பதற்காக யாரும் சம்பளம் தரமாட்டார்கள். ஆனால் அது தேவைப்படும் இடத்துக்கு யாரும் சொல்லாமலே ஒரு பெண் வந்து சேர்ந்திருக்கிறாள். ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) என்றால் என்ன, அது யாருக்குக் கட்டுப்பட்டது, சிக்னல் எப்படிப் பாய்கிறது, வெளியேறினால் எது பிழைக்கும், எது சாகும் என்று அவளாகவே முட்டி மோதிப் பார்த்திருக்கிறாள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தின் பாதி அதில் இருக்கிறது. அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பலர் இணைப்பு அறுந்தால் ஏன் வேலை நின்றது என்று சொல்லத் தெரியாமல் முழிப்பார்கள்.

அவள் நிற்கும் இடத்திலிருந்து போகிற தொழிலுக்குப் பல பெயர்கள்: லினக்ஸ் (சர்வர்களில் பரவலாக ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டம்) நிர்வாகி, சைட் ரிலையபிலிட்டி என்ஜினியர், கிளவுட் ஆப்பரேஷன்ஸ், சூப்பர்கம்ப்யூட்டர் மையங்களின் சிஸ்டம்ஸ் பிரிவு. உறவினர் வீட்டு விசேஷத்தில் சொல்லிக்கொள்ள இவற்றில் ஒன்றுகூட அழகான பெயர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. டாக்டர், என்ஜினியர், ஆடிட்டர் வழிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது.

மைத்துனரின் வாதத்துக்கு வருகிறேன். ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அந்த ஏஐ எங்கே ஓடுகிறது என்று அவரிடம் கேளுங்கள். உலகின் அதிவேகக் கணினிகளின் டாப்500 பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து 500 கணினிகளுமே லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஒரு ஏஐ மாடலைப் பழக்கும் வேலை நாள்கணக்கில் ஓடும். அதை ஓட விடும் ஆராய்ச்சியாளர் எஸ்எஸ்ஹெச்-இல் நுழைந்து, டீமக்ஸைத் திறந்து, வேலையைத் தொடங்கி, டிடாச் செய்துவிட்டு வீட்டுக்குப் போவது அன்றாடக் காட்சி. உங்கள் மகள் இரவில் செய்கிறாளே, அதேதான். அமெரிக்காவின் எம்ஐடி-யிலேயே 2020 ஜனவரியில் மாணவர்கள் சிலர் சேர்ந்து, வகுப்பில் யாரும் சொல்லித்தராத இந்தக் கட்டளை வரி விஷயங்களுக்கென்று தனியாக ஒரு தொடர் வகுப்பு நடத்தினார்கள். டெர்மினல் மல்டிபிளெக்ஸரும் அதில் ஒரு பகுதி. காணொளிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரிய கட்டணம் கட்டிச் சேர்ந்தாலும் இந்தக் கைப்பழக்கம் பாடத்திட்டத்தில் தானாக வந்துவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது பணம். கல்லூரி விளம்பரத்தில் 'ஏஐ' என்ற எழுத்துகளைக் கழற்றிவிட்டு, முதல் இரண்டு வருடப் பாடங்களை எடுத்து, குறைந்த கட்டணக் கல்லூரியின் சாதாரண கணினி அறிவியல் பட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். கணிதம், நிரலாக்கம், டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் என்று பெரும்பாலும் அதே பாடங்கள்தான் இருக்கும். வித்தியாசம் கடைசி வருட விருப்பப் பாடங்களிலும் பட்டத்தின் பெயரிலும். அந்தப் பெயருக்காக வீட்டை அடமானம் வைப்பது என்ற பேச்சையே எடுக்காதீர்கள். கடனைக் கட்டப்போவது உங்கள் மைத்துனர் இல்லை. முதல் வேலையில் சேரும்போதே கழுத்தில் கடன் இருக்கும் பெண், கற்றுத்தரும் வேலையைத் தேட மாட்டாள், தவணை கட்ட உதவும் வேலையைத்தான் தேடுவாள். அந்தத் தவணைகள் முடியும்வரை அவளால் தைரியமாக ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவவும் முடியாது.

பட்டமே வேண்டாம் என்று அவள் சொன்னால் அதையும் கேட்காதீர்கள். பட்டம் இருந்தால்தான் விண்ணப்பத்தையே திறந்து பார்க்கும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. உங்களால் கடனில்லாமல் கட்டக்கூடிய ஒரு கணினி அறிவியல் பட்டம் போதும். கூடவே ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மட்டும் போட்டுக் கொடுங்கள், கெடுக்கட்டும், சரிசெய்யட்டும். இரண்டாம் மூன்றாம் வருடத்தில் ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ என்ற லினக்ஸ் நிர்வாகத் தேர்வு எழுதலாம். அதில் கொள்குறி வினாக்கள் இல்லை, நிஜக் கணினியில் உட்கார்ந்து கேட்டதைச் செய்து காட்ட வேண்டும். முதல் வருடத்திலேயே அதற்குப் பணம் கட்ட வேண்டாம், பயிற்சி மையங்கள் அவசரப்படுத்தினாலும்.

மகளுக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும், அவளிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். டீமக்ஸ் செஷன் இணைப்பு அறுந்தால் பிழைக்கும், அந்தக் கணினியே ரீபூட் ஆனால் பிழைக்காது. எப்போதும் ஓடவேண்டிய ஒரு சேவையை டீமக்ஸுக்குள் ஓடவிட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது கற்றுக்குட்டிகளின் பழக்கம். அதை சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிப் பார்த்துக்கொள்ளும் நிரல்) சேவையாக எழுதிவைக்க வேண்டும், ரீபூட் ஆனாலும் தானாக எழும். இதே சிஸ்டம்டி 2016-இல் ஒரு பதிப்பில், வெளியேறும் பயனரின் எல்லா ப்ராசஸ்களையும் கொன்றுவிடுவதைத் தன் இயல்பாக மாற்றிவிட்டது. டீமக்ஸும் ஸ்கிரீனும் அதில் சேர்ந்தே செத்தன. பெரிய சண்டை நடந்தது, பல லினக்ஸ் விநியோகங்கள் அந்த அமைப்பைப் பழையபடி மாற்றி வைத்தன. தன் கருவி எதன்மேல் நிற்கிறது என்று தெரியாதவர்கள் அன்று திகைத்து நின்றார்கள். இன்னொன்று, இப்போது பெரிய நிறுவனங்களில் சர்வருக்குள் கையால் நுழைந்து தட்டுவதையே குறைத்துவிட்டார்கள். அன்சிபிள், டெராஃபார்ம் போன்றவற்றில் எழுதிவைத்து நூறு கணினிகளை ஒன்றாக அமைக்கிறார்கள். அதையும் கற்க வேண்டும். ஆனால் எழுதிவைத்தது உடையும் அன்று யாராவது உள்ளே நுழைந்துதானே பார்க்க வேண்டும்.

இந்த வேலையில் ஆன்-கால் முறை உண்டு, ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும். அதை மறைத்துப் பேச மாட்டேன். உங்கள் உறவினர்கள் 'பெண் பிள்ளைக்கு ராத்திரி வேலையா' என்று இதைப் பிடித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் வீட்டிலிருந்தே நுழைந்து பார்க்கும் வேலை அது. தாங்க முடியுமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும், அத்தைகள் இல்லை.

அவளுடைய ஆர்வம் நிஜமா, பரீட்சையிலிருந்து ஒளிந்துகொள்ளும் இடமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. நியாயமான கேள்வி. சாதாரணமாகப் பேசும்போது இதைக் கேளுங்கள்: "உன் சர்வர் திடீர்னு ரீபூட் ஆச்சுன்னா எதெல்லாம் போகும்?" கடகடவென்று சொன்னால், இந்தக் கடிதத்தை அவள் படிப்பதற்கு முன்பே யோசித்திருக்கிறாள். "தெரியல, பாக்கறேன்" என்று சொல்லி இரண்டு நாளில் பதிலோடு வந்தாலும் எனக்கு அதே திருப்திதான். தோளைக் குலுக்கிவிட்டுப் போனால் கறுப்புத் திரை ஒரு பொழுதுபோக்கு, வேறு வழி யோசிக்கலாம். அப்போதும் கடன் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. இந்தக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் விடையை நானே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள், எந்தக் கல்லூரி என்று அதை வைத்துப் பேசுவோம்.