டிஸ்க் கேமரா ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி: 1980-களில் அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் தந்த கோடாக் டிஸ்க் கேமரா எங்கள் வீட்டில் இருக்கிறது. சட்டைப்பையில் அடங்கும் இவ்வளவு வசதியான கேமரா ஏன் வழக்கொழிந்தது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கோடாக் நிறுவனம் 1982-இல் அறிமுகப்படுத்திய இந்த வகையில், ஃபிலிம் சுருளாக இல்லாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வட்டத் தகடாக இருந்தது. அதன் விளிம்பையொட்டி 15 படங்கள் எடுக்கலாம். ஒரு படம் எடுத்ததும் சிறு மோட்டார் தகட்டை 24 பாகை சுழற்றி அடுத்த இடத்தை லென்ஸுக்கு நேரே கொண்டுவரும். சுருளுக்கு இடம் ஒதுக்க வேண்டியிராததால் கேமரா மெலிந்தது. தகடு தடித்த அடித்தளம் கொண்டதாகையால் வளையாமல் சமதளமாகவும் நின்றது. லென்ஸும் மலிவுச் சரக்கு அன்று. நான்கு கண்ணாடி வில்லைகள் கொண்ட, 12.5 மில்லிமீட்டர் குவியத்தூரமுடைய அந்த லென்ஸ், குவியத்தைத் திருத்தவேண்டிய தேவையே இல்லாமல், ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொலைவு வரை ஏறத்தாழத் தெளிவாகப் பதிவு செய்தது.

குறை நெகட்டிவின் அளவில் இருந்தது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படம் 24 × 36 மில்லிமீட்டர். டிஸ்கிலோ சுமார் 8 × 10 மில்லிமீட்டர்தான், அதாவது பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஐந்து அங்குல நீளப் பிரிண்ட் போட 35 மில்லிமீட்டர் நெகட்டிவை மூன்றரை மடங்கு பெரிதாக்கினால் போதும். டிஸ்க் நெகட்டிவை ஏறக்குறைய 12 மடங்கு பெரிதாக்க வேண்டும். அப்போது ஃபிலிமின் துகள்கள் வெளிப்பட்டு, முகங்கள் மணல் தூவியதுபோல் ஆகிவிடும்.

இதை உணர்ந்தே, டிஸ்க் படங்களைப் பிரிண்ட் போடுவதற்கென்று ஆறு வில்லைகள் கொண்ட தனி லென்ஸைக் கோடாக் உருவாக்கியது. ஆனால் பல ஆய்வகங்கள் பெரிய ஃபிலிம்களுக்கென வைத்திருந்த சாதாரண லென்ஸையே பயன்படுத்தின. இதனால், ஏற்கெனவே தாங்கும் எல்லையில் இருந்த நெகட்டிவில் பதிவாகியிருந்த நுணுக்கமும் தாளுக்கு வந்து சேரவில்லை. என் கணிப்பில், இந்த வகையின் பெயரைக் கெடுத்ததில் கேமராவைவிட இதற்கே பங்கு அதிகம்.

இதற்கிடையே, தானாகக் குவியம் பார்க்கும் 35 மில்லிமீட்டர் சிறு கேமராக்கள் எளிதாகிக்கொண்டே வந்தன. பெரிய நெகட்டிவும் வசதியும் ஒருங்கே கிடைத்தபின் டிஸ்க்கை வாங்கக் காரணம் இல்லாமல் போயிற்று. கோடாக் 1988-இல் கேமராத் தயாரிப்பை நிறுத்தியது. ஃபிலிம் மட்டும் 1990-களின் இறுதி வரை வந்தது.

கேள்வி: அதே கேமராவை இன்று இயக்க முடியுமா? பழைய நெகட்டிவ்களை என்ன செய்யலாம்?

பதில்: இயக்குவது கடினம். புதிய ஃபிலிம் விற்பனைக்கு இல்லை. தொடக்ககால மாதிரிகளில் லித்தியம் மின்கலமும் பயனர் மாற்ற முடியாதபடி உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. நெகட்டிவ்களை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கான ஸ்கேனர் சட்டத்தில் அந்தத் தகடு பொருந்தாது. ஆனால் பின்னொளி வசதியுள்ள தட்டை ஸ்கேனரில் உயர்ந்த துல்லியத்தில் பதிவு செய்யலாம், அல்லது ஒளிப்பலகைமேல் வைத்து, மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸால் படமெடுக்கலாம். அந்நாளைய பிரிண்டில் தெரியாத விவரம் சில படங்களில் கிடைக்கக்கூடும்.